கம்பங்கூழ் ஏன் பீர் ஆவதில்லை?

வாலிகண்டபுரத்தைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் மானாவாரி. மழையை நம்பித்தான் விதைப்பு. முன்பு கம்பும் சோளமும் நின்ற காடுகளில் இப்போது மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று மாறிவிட்டது. பெரம்பலூர் மாவட்டத்து மக்காச்சோளம் மூட்டை மூட்டையாகக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. ஆனாலும் ஆடி பிறந்து மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாள் வந்தால் கம்பைத் தேடுகிறோம், கேழ்வரகைத் தேடுகிறோம். மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்க விடுவது, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் கிண்டுவது, ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைப்பது, விடிந்ததும் உப்பும் மோரும் விட்டுக் கரைப்பது. கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய்.

இந்தப் பானையில் நடப்பது நொதித்தல். பீர் தொட்டியில் நடப்பதும் நொதித்தல். தானியம்கூட வேறு இல்லை. நமீபியாவில் கம்பு மாவில் வீட்டுப் பெண்கள் ஒஷிகுண்டு என்ற லேசான பானம் செய்கிறார்கள். புர்கினா பாசோவில் சிவப்புச் சோளத்தில் காய்ச்சுகிற டோலோ சந்தைதோறும் விற்கிறது. தென்னாப்பிரிக்காவின் உம்கொம்போத்தியில் மக்காச்சோளமும் சோளமும் சேர்கின்றன. பெரு நாட்டு மலைவாசிகள் மக்காச்சோளத்தில் சிச்சா செய்கிறார்கள். நம் நாட்டிலேயே சிக்கிமில் புளித்த கேழ்வரகை மூங்கில் குவளையில் நிரப்பி, வெந்நீர் ஊற்றி, குழலால் உறிஞ்சுகிறார்கள். அதற்குப் பெயர் தோங்பா. ஆக, பெரம்பலூர், அரியலூர்க் காடுகளில் விளைகிற, விளைந்த தானியங்கள் எல்லாமே உலகில் எங்கோ ஓரிடத்தில் பீர் தானியங்கள். அப்படியிருக்க, நம் பானைக்குள் போன கம்பு மட்டும் புளித்ததோடு ஏன் நின்றுவிடுகிறது?

ஈஸ்ட் இல்லாததால் என்று சொல்லிவிட முடியாது. அதே ஊர்க் காற்றில், அதே வெயிலில், பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சில மணி நேரத்தில் பதநீர் நுரைத்துக் கள்ளாகிவிடும். அதைத் தடுக்கத்தான் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். ஈஸ்ட் எங்கும் இருக்கிறது. பாளையில் இருந்து வடிவது சர்க்கரைத் தண்ணீர். ஈஸ்ட் விழுந்ததும் தின்னத் தொடங்கிவிடுகிறது. கம்பு மாவில் அதற்குத் தின்னக் கிடைப்பது மிகக் குறைவு. அதில் இருப்பது மாவுச்சத்து. குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலி அது. பீர் ஈஸ்ட்டால் ஒரு கண்ணி, இரு கண்ணி, மூன்று கண்ணிகளைத் தின்ன முடியும். நெடுஞ்சங்கிலியை ஒன்றும் செய்ய முடியாது. மாவு மலைபோல் கிடந்தாலும் ஈஸ்ட் பட்டினிதான்.

அப்படியானால் பீர் காய்ச்சுகிறவர்கள் சங்கிலியை எதைக் கொண்டு அறுக்கிறார்கள்? இதைப் புரிந்துகொள்ள, லண்டனிலும் டொரண்டோவிலும் மெல்போர்னிலும் இருக்கிற நம்மவர்கள் சிலர் ஓய்வு நாட்களில் கையாளும் ஒரு பெட்டி உதவும். வீட்டிலேயே பீர் தயாரிக்கும் பெட்டி. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1862இல் தொடங்கிய கூப்பர்ஸ் நிறுவனம் விற்கிற தகர டப்பா இந்த வகையில் பெயர் பெற்றது. தகரத்துக்குள் 1.7 கிலோ கரிய பாகு. வெல்லப்பாகு போலக் கெட்டியாக இருக்கும், வாசனை மட்டும் வறுத்த தானியத்துடையது. மூடிக்கடியில் 7 கிராம் உலர்ந்த ஈஸ்ட். கழுவிச் சுத்தம் செய்த வாளியில் பாகைக் கொட்டி, வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ அளவுக்குச் சர்க்கரை சேர்த்து, குளிர்ந்த நீர் விட்டு 23 லிட்டர் ஆக்கி, ஈஸ்ட்டைத் தூவி மூடிவிட வேண்டும். மூடியில் ஒரு வளைந்த குழல், அதில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே உண்டாகும் வாயு தண்ணீர் வழியே குமிழிவிட்டு வெளியேறும். வெளிக்காற்று உள்ளே வராது. ஒரு நாளில் குமிழிகள் தொடங்கும். நான்கைந்து நாள் ஓயாது. வாரம் கழித்து அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பார்த்தால், தொடக்கத்தில் 1.040 என்று காட்டியது 1.010க்கு இறங்கியிருக்கும். அந்த வித்தியாசம் சுமார் 4 சதவீத ஆல்கஹால்.

பொழுதுபோக்காக எப்போதாவது செய்கிறவர்களுக்கு இது சமையலைவிட எளிது. ஆனால் கடினமான வேலையைத் தொழிற்சாலை முன்பே முடித்துவிட்டது என்பதால்தான் எளிது. அந்தப் பாகு வாற்கோதுமையிலிருந்து வந்தது. வெறும் வாற்கோதுமை அல்ல, முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை. மால்ட் என்று சொல்வது அதைத்தான். சூட்சுமம் முழுக்க முளையில் இருக்கிறது.

ஒரு தானிய மணியின் பெரும்பகுதி உயிரற்ற கிடங்கு. மாவுச்சத்து நிரம்பிய, இறந்துபோன செல்கள். ஒரு ஓரத்தில் கரு. தவிட்டை ஒட்டிக் கிடங்கைச் சுற்றி உயிருள்ள ஒரு மெல்லிய படலம். மணி ஊறியதும் கரு விழித்து, ஜிப்பரெலின் என்ற ஹார்மோனைக் கசியவிடுகிறது. அது போய்ச் சேர்கிற இடம் அந்தப் படலம். சேதி கிடைத்ததும் படலம் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியைச் சுரந்து கிடங்குக்குள் அனுப்புகிறது. அது சங்கிலியை நடுநடுவே கண்ட இடத்தில் வெட்டுகிறது. வாற்கோதுமையில் பீட்டா அமைலேஸ் என்ற இன்னொரு நொதி ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும். முளைவிடும்போது அதுவும் விடுபடும். இது முனையிலிருந்து இரண்டிரண்டு கண்ணியாக நறுக்கும். இரண்டும் சேர்ந்தால் மாவு சர்க்கரையாகிவிடும். இலை விரிந்து வெயிலைப் பிடிக்கும்வரை செடி பிழைத்திருக்க விதை செய்துகொள்ளும் ஏற்பாடு இது. நாம் குறுக்கே புகுந்து, வேர் எட்டிப் பார்த்ததும் மணியை உலர்த்தி வளர்ச்சியை நிறுத்துகிறோம். கரு இறந்துவிடும். நொதி பிழைத்திருக்கும்.

இந்த நொதிதான் அறிவியல் முதன்முதலில் பிரித்தெடுத்த நொதி என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது. 1833இல் பாரிஸில் பாயன், பெர்சோ என்ற இரு வேதியியலாளர்கள் மால்ட்டைத் தண்ணீரில் கரைத்து, ஆல்கஹால் சேர்த்தபோது ஒரு வெண்பொருள் படிந்தது. அதில் ஒரு துளி, குவியல் குவியலான மாவைச் சர்க்கரையாக்கியது. டயஸ்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். ஜிப்பரெலினின் கதை நெல்லில் தொடங்கியது. நாற்றுகள் அளவுமீறி வெளிறி உயர்ந்து சாய்ந்துவிடும் ஒரு நோயை ஆராய்ந்த ஜப்பானியர் எய்ச்சி குரோசவா, அதை உண்டாக்கும் பூஞ்சை ஒரு வளர்ச்சிப் பொருளைச் சுரக்கிறது என்று 1926இல் காட்டினார். செடியே தனக்குள் செய்துகொள்ளும் பொருளைப் பூஞ்சையும் செய்துகொண்டிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

முளைகட்டிவிட்டால் போதுமா என்றால், வெப்ப நாட்டுத் தானியங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. நொதி வெட்டுவதற்கு மாவு முதலில் வெந்து இளக வேண்டும். வாற்கோதுமை மாவு ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும். நொதிகளும் 62 முதல் 72 வரை நன்றாக வேலை செய்யும். ஒரே சூட்டில் இரண்டும் நடந்துவிடுகின்றன. கம்பும் சோளமும் அரிசியும் பிடிவாதக்கார மாவுகள். பல ரகங்களுக்கு 70 டிகிரியும் அதற்கு மேலும் வேண்டும். அந்தச் சூட்டில் மென்மையான பீட்டா அமைலேஸ் செயலிழந்துபோகும். இன்னும் ஏற்றினால் ஆல்ஃபாவும் போய்விடும். மாவை வேகவைத்தால் நொதி சாகிறது. நொதியைக் காப்பாற்றினால் மாவு வேகவில்லை.

ஆப்பிரிக்கப் பெண்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். முதலில் களியாகக் கிண்டு. ஆற விடு. ஆறிய பிறகு முளைத் தானிய மாவைக் கலந்துவிடு. அவ்வளவுதான்.

இதே வரிசை தமிழில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சியை ஆண்ட இளந்திரையனைத் தேடிப் போகிற பாணருக்கு வழியில் வலைஞர் வீட்டில் கிடைக்கும் விருந்தைச் சொல்லுமிடம். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். அகன்ற வாய்த் தட்டில் கொட்டி ஆற்றுகிறார்கள். பிறகு அதில் ஓர் அடையைக் கலக்கிறார்கள். நல்ல முளையை இடித்துக் கலப்பது என்று உரைகாரர் பொருள் கொள்கிறார். சாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு. பிறகு வெந்நீர் விட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து வடிகட்டுகிறார்கள். கூடவே சுட்ட மீன். இலக்கிய வகுப்பில் இதை வருணனை என்று கடந்துவிடுகிறோம். ஒரு செய்முறையாகப் படித்தால் எதையும் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை. அகன்ற வாய்த் தட்டு எதற்கு? களி சீக்கிரம் ஆற. ஏன் ஆற வேண்டும்? கொதிக்கிற களியில் முளையைப் போட்டால் நொதி அக்கணமே வீண். வெப்பமானியும் இல்லை, நொதி என்ற கருத்தும் இல்லை. ஆனால் எந்தக் கட்டத்தில் எதைச் செய்ய வேண்டும் என்பது அந்த வலைஞர் வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த அடையைப் புலவர் எதனோடு ஒப்பிடுகிறார் என்பது இன்னும் அழகு. பாம்பு குடியிருக்கும் புற்றுக்குள் இருக்கிற குரும்பி, அதாவது புற்றாஞ்சோறு. கரையான் புற்றை வெட்டியவர்களுக்குத் தெரியும்: உள்ளே பஞ்சுபோல, மடிப்பு மடிப்பாக, வெண்புள்ளிகள் பூத்த உருண்டைகள் இருக்கும். முளைவிட்ட நெல் வேரோடு வேர் பின்னி, அடையாக இறுகியிருக்கும் காட்சிக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. புற்றாஞ்சோறும் ஒரு நொதித்தல் கிடங்குதான். கரையான்கள் மரத்தூளையும் சருகையும் மென்று குவித்து, அதில் டெர்மிட்டோமைசஸ் என்ற காளானை வளர்க்கின்றன. கரையானால் எளிதில் செரிக்க முடியாத மரச்சத்தைக் காளான் உடைத்துக் கொடுக்கிறது. மழைக்குப் பிறகு புற்றைப் பிளந்து வெளிவரும் புற்றுக்காளான் இந்தத் தோட்டத்தின் பூ. உவமைக்குள் இவ்வளவு உயிரியல் இருக்கிறது என்று புலவர் நினைத்திருக்க மாட்டார். கண் மட்டும் சரியாகப் பார்த்திருக்கிறது.

முளை தவிர வேறு வழிகளும் உண்டு. சிக்கிமின் தோங்பாவுக்கும், ஜார்க்கண்ட், ஒடிசாப் பழங்குடிகளின் ஹண்டியாவுக்கும் மூலிகையும் அரிசி மாவும் சேர்த்துப் பிடித்து உலர்த்திய வில்லைகளைப் பயன்படுத்துகிறார்கள். அந்த வில்லையில் உறங்கும் பூஞ்சை மாவை அறுக்கும். அதிலேயே இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும். பெருவில் சில இடங்களில் மக்காச்சோள மாவை வாயில் போட்டு மென்று துப்பினார்கள். நம் எச்சிலிலும் அமைலேஸ் இருக்கிறது. சோற்றை வெகுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான்.

இனி ஈஸ்ட். சர்க்கரை கிடைத்ததும் அது செய்வது பார்வைக்கு ஊதாரித்தனம். ஆக்சிஜனோடு முழுக்க எரித்தால் கிடைக்கும் ஆற்றலில் சொற்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை ஆல்கஹாலாக வெளியே கொட்டுகிறது. சர்க்கரையின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியமில வாயுவாகக் குமிழிவிட்டுப் போகிறது. பீர் ஈஸ்ட்டின் விசித்திரம், காற்று இருந்தாலும் சர்க்கரை மிகுந்தால் இப்படியே செய்கிறது. காரணம் போட்டி. வேகமாகச் சர்க்கரையை விழுங்கி, மற்ற நுண்ணுயிர்களுக்கு நஞ்சான ஆல்கஹாலால் இடத்தை நிரப்பிவிடுகிறது. எதிரிகள் ஓய்ந்த பிறகு, காற்று கிடைத்தால் அந்த ஆல்கஹாலையே திரும்ப உண்ணும்.

லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கும் இதே உத்திதான். அவற்றின் ஆயுதம் அமிலம். கூழ்ப்பானையில் நடப்பது இந்த இரண்டு படைகளின் போட்டி. முளைகட்டாத கம்பு மாவில் இயல்பாகக் கரைந்திருக்கும் சர்க்கரை கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்தை லாக்டிக் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு தின்று, கரைசலைப் புளிப்பாக்கிவிடுகின்றன. ஈஸ்ட்டும் இருக்கும், ஆனால் ஆல்கஹால் சேரும் அளவுக்கு அதற்குத் தீனி இல்லை. மறுநாள் நாம் அதை அடுப்பில் ஏற்றிக் கிண்டிவிடுகிறோம், இருந்ததும் அடங்கிவிடுகிறது. உருண்டையைத் தண்ணீரில் போடும்போது பழைய பானையிலும் கையிலும் காற்றிலும் இருந்து பாக்டீரியாக்கள் மறுபடி குடியேறுகின்றன. கம்பங்கூழ் பீர் ஆகாததற்கு இதுதான் காரணம். முளை இல்லை, அதனால் சர்க்கரை இல்லை.

இதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. அமிலம் ஏறிய கூழில் வயிற்றுப்போக்கு தரும் கிருமிகள் வளர்வது கடினம். கம்பில் இரும்புச்சத்து நிறைய. ஆனால் பைட்டிக் அமிலம் அதைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. புளிக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. சித்திரை வெயிலில் களையெடுத்துவிட்டு வருகிறவருக்கு உப்பு, தண்ணீர், மாவுச்சத்து, இரும்பு எல்லாம் ஒரே சொம்பில் கிடைத்துவிடுகின்றன.

பீர் காய்ச்சுகிறவர்கள் தலைகீழ். அவர்கள் அழைக்க விரும்பாத விருந்தாளி லாக்டிக் பாக்டீரியாதான். ஹாப்ஸ் என்ற கொடியின் பூங்காய்களைப் போட்டுக் கொதிக்க வைப்பது கசப்புக்காக மட்டும் இல்லை. அதில் இருக்கும் அமிலங்கள் அந்த பாக்டீரியாக்களை ஒடுக்கி, ஈஸ்ட்டை விட்டுவிடுகின்றன. இந்தியாவில் ஹாப்ஸ் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு போன்ற குளிர்ந்த இடங்களில் விளைகிறது. தகரப் பாகில் ஹாப்ஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.

வாளியைச் சுத்தம் செய்யத் தவறினால் வீட்டு பீர் புளித்துவிடும். இன்னொரு எதிரி சூடு. அந்தப் பெட்டியின் ஈஸ்ட்டுக்கு உகந்தது சுமார் 18 முதல் 24 டிகிரி. பெரம்பலூர்ப் பக்கம் மே மாதம் 40ஐத் தொடும். அந்தச் சூட்டில் சாதாரண பீர் ஈஸ்ட் தடுமாறி, நெயில் பாலிஷ் வாசனையும் தலைவலி தரும் கனமான ஆல்கஹால்களும் உண்டாக்கும். எல்லா ஈஸ்ட்டும் அப்படியில்லை. நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் மர வளையங்களில் உலர்த்தித் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த க்வைக் ஈஸ்ட், 35 டிகிரிக்கு மேலும் சுத்தமான சுவை தருகிறது. உறைபனி நாட்டில் சூடு விரும்பும் ஈஸ்ட். கொதித்த கரைசல் முழுக்க ஆறும்வரை காத்திராமல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே போட்டுப் போட்டு அவர்கள் வளர்த்த குணம் அது.

பிரிட்டனில் வீட்டில் சொந்தக் குடிக்கு பீர் தயாரிக்க உரிமமும் வரியும் வேண்டாம் என்று 1963இல் ஆனது. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் 1978இல் அனுமதித்தது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1937இல் ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்குச் சட்டம், பல தளர்வுகளுக்குப் பிறகும், உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. கள்ளும் 1987 முதல் தடையில் இருக்கிறது. ஆகவே வாலிகண்டபுரத்தில் யாரும் அந்த வாளியை வைத்துப் பார்க்கக் கூடாது.

நம் மக்கள் மனதில் வீட்டு மது என்றாலே சாவு என்ற பயம் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் விஷச்சாராயத்தால் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால். அது தானியம் புளித்ததால் வந்ததல்ல; தொழிற்சாலைக் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனாலைப் பணத்துக்காகச் சாராயத்தில் கலந்தார்கள். தானியம் நொதிக்கும்போது மெத்தனால் உண்டாவது மிகமிகக் குறைவு. இந்த வேறுபாடு பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டியது.

சட்டத்துக்கு உட்பட்டு, முளையின் வேலையைக் கண்ணால் பார்க்க எந்த அடுப்பங்கரையும் போதும். கேழ்வரகை ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி, நீர் தெளித்து இரண்டு நாள் விட்டால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். நிழலில் நன்றாக உலர்த்தி அரைத்துக்கொள்ள வேண்டும். கருக வறுத்தால் நொதி போய்விடும். சோளத்தில் இதைச் செய்ய வேண்டாம். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு விழுந்துவிடும் என்பது மானாவாரி விவசாயிக்குத் தெரிந்ததுதான். சயனைடு விடும் அதே நஞ்சு சோள முளையிலும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் சோள முளையையும் வேரையும் தேய்த்து உதிர்ப்பதும் கொதிக்க வைப்பதும் வழக்கம். கேழ்வரகில் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது கம்பு மாவில் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, விரல் ஒரு நொடி தாங்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முளைக் கேழ்வரகு மாவு ஒரு தேக்கரண்டி போட்டுக் கிளறினால், முதலில் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடத்துக்குள் கரண்டி சாயும். பத்து நிமிடத்தில் கஞ்சி மோர்போல ஓடும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கவில்லை. நாக்கில் வைத்தால் லேசான இனிப்பு. பாயனும் பெர்சோவும் பார்த்தது இதைத்தான்.

இந்த ஒரு தேக்கரண்டிக்கு இந்திய ஊட்டச்சத்து ஆய்வில் பெரிய இடம் உண்டு. தாய்ப்பாலோடு சேர்த்துத் திட உணவு தொடங்கும் குழந்தைக்கு வயிறு சிறியது. கெட்டிக் கஞ்சி தொண்டையில் இறங்காது. தண்ணீர் விட்டு இளக்கினால் வயிறு நிரம்பும், சத்து பாதியாகிவிடும். 1980களில் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும் அவர் குழுவினரும், முளைத் தானிய மாவைச் சிறிதளவு கலந்து கஞ்சியைச் சத்துக் குறையாமல் இளக்கிக் கொடுத்தால் குழந்தைகள் கூடுதலாக உண்கிறார்கள் என்று காட்டினார்கள். கலந்தபின் ஒரு கொதி விட வேண்டும். முளையில் கிருமி இருக்கலாம். நம் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குக் கேழ்வரகை முளைகட்டி அரைத்து வைப்பதற்கும் காரணம் இதே நொதி. டோலோ காய்ச்சும் பெண்ணும் அங்கன்வாடியில் கஞ்சி கிளறும் அக்காவும் ஒரே அமைலேஸைத்தான் கையாள்கிறார்கள். ஒருவர் அடுத்து ஈஸ்ட்டைக் கூப்பிடுகிறார், மற்றவர் குழந்தையை.